நேரசூசியில் இல்லாத பாடம்

ஒரு பாடசாலையில் ஆண்டுத் தொடக்கத்தில் செய்யப்படும் வேலைகளுள் நேரசூசி போடுவதைப்போலச் சிக்கலானது வேறில்லை. காலை 7.30 இலிருந்து பிற்பகல் 1.30 வரை நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு, நடுவே ஓர் இடைவேளை. அந்த எட்டுக்குள் எல்லா வகுப்பும், எல்லாப் பாடமும், எல்லா ஆசிரியரும் ஒருவரோடொருவர் மோதாமல் அடங்கவேண்டும். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பிள்ளைகள் களைக்காத காலை நேரத்துக்குக் கொண்டுவருவோம். உடற்கல்வியும் நூலகமும் பின்னுக்குப் போகும். தவணைப் பரீட்சை நெருங்கியதும் பாடத்திட்டம் முடியாத ஆசிரியர் உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்குவார். கொடுக்கக்கூடாது என்று எவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது எவருக்கும் இழப்பாகத் தெரிவதில்லை. நீண்டகாலம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து ஒன்று உறுதியாகத் தெரியும். நேரசூசியில் இடம் இல்லாத பாடம் கற்பிக்கப்படுவதில்லை. இடம் இருந்தும் காவல் இல்லாத பாடம் பரீட்சைக் காலத்தில் கரைந்துபோகும். தொழிலில் உயர வேண்டும், உடம்பையும் பேண வேண்டும், வழிபாட்டையும் விடக்கூடாது என்று எண்ணுகிற ஒரு பெண்ணின் வாழ்க்கையை நான் இந்த அறிவைக்கொண்டே பார்க்கிறேன். மனவலிமை, பொறுமை, நேர்மறைச் சிந்தனை என்று அவளுக்கு வழங்கப்படும் புத்திமதிகள் பல. அவளுடைய நேரசூசியை வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

எங்கள் நெல்லியடியில் வேலைக்குப் போகும் பெண்களில் ஆசிரியைகள் பலர். நாடு முழுவதிலும் அரச பாடசாலை ஆசிரியர்களில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் பெண்கள். அதிபர் கதிரைகளில் அந்த விகிதம் இல்லை. மேலே போக விரும்பும் ஆசிரியையின் வழி எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். முதலில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா, அதற்கு வாரஇறுதி வகுப்புகள். பிறகு முதுமாணி. பிறகு அதிபர் சேவைப் பரீட்சை அல்லது கல்வி நிர்வாக சேவைப் பரீட்சை. இடையில் வன்னிக்கோ வடமராட்சி கிழக்குக்கோ இடமாற்றம் வந்தால் விடியமுன் பஸ் பிடிக்கவேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்ப முடிவுத் திகதி உண்டு, பரீட்சைத் திகதி உண்டு, வரவுப் பதிவேடு உண்டு. தவறினால் கேட்பதற்கு ஆள் உண்டு. வழிபாட்டுக்கோ பஞ்சாங்கம் இருக்கிறது. புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தம், ஆவணியில் சந்நிதித் திருவிழா, கேதாரகௌரி விரதம், கந்தசஷ்டி, மார்கழியில் திருவெம்பாவை என்று ஆண்டு முழுவதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. தவறினால் ஊர் கேட்கும், மாமியார் கேட்பார், தன் மனமே கேட்கும். மூன்றாவதாகிய உடம்புக்கு நேரசூசியும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. இரத்த அழுத்தம் பார்க்கவில்லையே என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை. ஆகவே மூன்றுக்கும் இடையில் போட்டி வரும்போதெல்லாம் உடம்பே தோற்கிறது. அவள் உடம்பை மதிக்காதவள் என்பதல்ல இதன் பொருள். உடற்கல்விப் பாடவேளையைப்போல, கேட்டதும் கொடுக்கக்கூடியதாக இருப்பது அது ஒன்றுதான்.

இதற்கு நான் காட்டக்கூடிய மிக வலுவான சான்று, எதிர்த்திசையில் நடந்த ஒரு வெற்றி. 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ முப்பது. பணக்கார நாடாகி இதைச் சாதிக்கவில்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலைக்கே வந்தார். கர்ப்பிணியின் பெயரைப் பதிந்தார், அட்டை கொடுத்தார், கிளினிக் திகதி எழுதினார், வராவிட்டால் தேடிப்போனார். அதாவது உடம்புக்கு ஒரு நேரசூசி போட்டுக் கொடுத்தார். எவ்வளவு பெரிய வேலையில் இருந்தாலும் கர்ப்பிணித் தாய் கிளினிக் திகதியைத் தவறவிடுவதில்லை; அதிபரும் அதற்கு லீவு கொடுக்கத் தயங்குவதில்லை; வீட்டாரும் நினைவூட்டுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் அட்டை பிள்ளையின் பெயருக்கு மாறுகிறது. தடுப்பூசித் திகதிகள் ஒன்றும் தவறாமல் நடக்கின்றன. அதே தாயின் பெயரில் அதன்பின் ஒரு திகதியும் இல்லை. ஒழுங்கும் அக்கறையும் உள்ள அதே பெண், அட்டை இருந்தபோது தன் உடம்பைப் பார்த்தாள், அட்டை போனபின் பார்க்கவில்லை. குணத்தில் குறை தேடுபவர்கள் இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்லவேண்டும்.

முந்தின தலைமுறைப் பெண்கள் எல்லாவற்றையும் செய்தார்களே, அவர்கள் இப்படி முறைப்பட்டார்களா என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி, மரியாதையோடு பதில் சொல்லவேண்டியது. மேலே சொன்ன தாய் மரணக் கணக்கே முதற்பதில். அவர்கள் சமாளித்தார்கள் என்று சொல்வது சமாளித்து மிஞ்சியவர்களை மட்டும் வைத்துத்தான். இரண்டாவது பதில் எங்கள் மண்ணுக்கே உரியது. 1987 மே மாத இறுதியில் தொடங்கிய வடமராட்சி நடவடிக்கை, அதே ஆண்டு யூலை 5 இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாம் மீது நடந்த தாக்குதல், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து வந்தபோது வடமராட்சிப் பாடசாலைகள் தாங்கிய கூட்டம் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பள்ளிக்கூடம் நடந்தது விதிவிலக்கான நிலைமைகளில்தான். மண்ணெண்ணெய் விளக்கில் பாடக்குறிப்பு எழுதி, மர நிழலில் வகுப்பு நடத்திப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஆசிரியைகளை நான் மிக உயரத்தில் வைக்கிறேன். அந்தக் காலத்தில் களைப்பைப் பற்றிப் பேச இடமில்லை. ஆனால் ஆபத்துக் காலத்துக்கு என்று பழகிய ஒரு முறை ஆபத்து நீங்கியபின்னும் ஒழுக்க விதியாக நின்றுவிட்டது. ஓய்வு கேட்பவள் சோம்பேறி, லீவு போடுபவள் பொறுப்பில்லாதவள் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. போர்க்காலப் பங்கீட்டு அட்டையை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். உடம்புக்கான பங்கீட்டை மட்டும் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இனி வழிபாடு. இதைப்பற்றி எழுதும்போது இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பக்கத்தார் கோயிலும் விரதமும் பெண்ணின் சுமை என்று தள்ளிவிடுகிறார்கள். மறுபக்கத்தார் விரதமே பெரிய வைத்தியம், வேறு எதுவும் வேண்டாம் என்கிறார்கள். விரதத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால் அது அடிப்படையில் ஒரு நேர ஒதுக்கீடு. இந்த ஆறு நாள், இந்த இருபத்தொரு நாள், உலக அலுவலைக் குறைத்து உள்முகமாக இரு என்று சமயமே ஒரு பெண்ணுக்கு அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. வேறு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அடுப்படியிலிருந்து விடுபட முடியாதவளுக்கு, கோயிலுக்குப் போகிறேன் என்ற ஒரு சொல் படலையைத் திறந்துவிட்டது. அதனால்தான் எங்கள் பெண்கள் கோயிலை இவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் நடைமுறையில் அந்த ஒதுக்கீட்டின் மேல் வேலை ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தால் வீடு கழுவ வேண்டும், மச்சச் சட்டிகளை ஒதுக்கி மரக்கறிக்கு வேறு பாத்திரம் எடுக்கவேண்டும், கறிகள் கூடவேண்டும். கௌரி விரதம் இருப்பவளே வீட்டில் விரதம் இராதவர்களுக்கும் சமைக்கிறாள். பாடசாலை வாணி விழாவில் அவலும் கடலையும் யார் பொறுப்பு என்பது கூட்டம் கூடமுன்னரே முடிவான விடயம். கிறிஸ்தவ ஆசிரியைக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் அல்ல. பௌர்ணமி எல்லாருக்கும் விடுமுறை. சைவப் பெண்ணின் வெள்ளிக்கிழமையோ பாடசாலை நாளாகவும் இருக்கிறது, வீட்டிலும் இரட்டை வேலை நாளாக இருக்கிறது. விரதத்தில் பக்தி மட்டும் எஞ்சி வேலை கழிந்தால் அது உடம்புக்கும் நல்லது. பக்திக்கு இடம் கிடைக்காமல் வேலை மட்டும் எஞ்சினால் அதை ஆன்மீகம் என்று நாங்கள் பெயர் சூட்டக்கூடாது.

உண்ணாநோன்பு உடம்பைச் சுத்தமாக்கும் என்பவர்களோடு நான் முழுதாக வாதாட வரவில்லை. நலமாக உள்ளவர் ஒருவேளை உணவைக் குறைப்பதில் கேடில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், இரத்தச்சோகை உள்ளவர், விடிய நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஐந்து பாடவேளை நின்றபடி கத்திக் கற்பிப்பவர் ஆகியோரின் கதை வேறு. மருந்து எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரும். வைத்தியரைக் கேளாமல் அதைச் செய்யக்கூடாது. எங்கள் வழக்கத்திலேயே கந்தசஷ்டிக்குப் படிகள் உண்டு. ஆறு நாளும் நீர் மட்டும் அருந்துபவர், பாலும் பழமும் எடுப்பவர், பகல் ஒருபொழுது உண்பவர் என்று இயன்ற அளவுக்கு ஏற்ப இருப்பதை ஊர் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. உடம்பைக் கணக்கில் எடுக்கும் அறிவு மரபுக்கு இருந்தது. ஒருவரோடு ஒருவர் போட்டிபோட்டுக் கடுமை காட்டும் பழக்கம்தான் அந்த அறிவை மறைக்கிறது.

மரபில் இப்படி மூன்றையும் ஒன்றாக நடத்திய பெண்ணுக்கு முன்மாதிரி உண்டா என்று தேடினால் விடை கொஞ்சம் கசப்பாகவே வருகிறது. அறுபத்துமூன்று நாயன்மாரில் பெண்கள் மூவர். காரைக்கால் அம்மையார் இல்லறத்தையும் உடலின் வனப்பையும் உதறியபின்னரே தன் வழியில் போக முடிந்தது. மங்கையர்க்கரசியாரை அரசனின் துணைவியாகவும், இசைஞானியாரைச் சுந்தரரின் தாயாராகவும் வைத்தே பெரும்பாலும் அறிகிறோம். எங்கள் காலத்தில், எங்கள் தொழிலிலேயே ஒருவர் இருந்தார். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) மல்லாகத்தைச் சேர்ந்தவர், ஆசிரியை. ஆசிரியப் பணியில் இருந்தபடியே ஆண்களுக்கே உரியதாக இருந்த சமயச் சொற்பொழிவு மேடையில் ஏறினார். தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை 1977 இல் ஏற்றார். கோயிலின் வருவாயைக் கோபுரத்தோடு நிறுத்தாமல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான இல்லமாகவும் ஆக்கினார். அவரிடம் இருந்தது சிறிய லட்சியம் அன்று. ஒரு கோயில் நிர்வாகத்தையே நடத்திக்காட்டும் லட்சியம். தொழிலில் உயரும் ஆசை ஆன்மீகத்துக்குப் பகை என்று சொல்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே மறுப்பு. அவர் திருமணம் செய்யாதவர்தானே, வீடும் பிள்ளைகளும் இருந்திருந்தால் முடிந்திருக்குமா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. அதையே என் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். தொழிலும் வழிபாடும் தொண்டும் ஒரு பெண்ணின் வாழ்வில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை என்பதை அவர் காட்டினார். முட்டுவது நான்காவதாக ஒன்று. வீட்டுவேலை. தொழில், உடம்பு, வழிபாடு மூன்றுக்கும் இடையிலான சமநிலை பற்றிய பேச்சில் எவரும் பெயர் சொல்லாமல் விடுகிற அந்த நான்காவதுதான் மற்ற மூன்றின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

லட்சியத்தைக் குறை, எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு புத்திமதி. இதை நான் அடியோடு மறுக்கிறேன். உடுவிலில் 1824 இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை வந்தது. 1913 இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் கல்லூரி கட்டினார். அதே இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். படிக்கலாம், தீர்மானிக்கக் கூடாது என்ற அந்த எல்லைக்கோட்டை 1931 இல் சட்டம் அழித்தது, வீடு இன்னும் முழுதாக அழிக்கவில்லை. மகன் மூன்று ஏ எடுத்தால் சந்தியில் பதாகை கட்டுகிறோம். அதே வீட்டுத் தாய் அதிபர் சேவைப் பரீட்சைக்குப் படிக்கப்போகிறேன் என்றால், இந்த வயதில் எதற்கு என்கிறோம். பரீட்சை எழுதாமல் விட்ட ஆசிரியைக்கு அந்த நேரம் ஓய்வாகக் கிடைப்பதில்லை. இன்னொருவரின் வேலையாகத்தான் நிரம்புகிறது. பிள்ளையின் ரியூசனுக்குக் காவல் இருப்பதிலும், உறவினர் வீட்டு அலுவலிலும் அது போகும். ஆகவே ஆசையைக் குறைத்தவள் உடல்நலத்தைச் சம்பாதித்தாள் என்ற கணக்குத் தவறு. முடக்கப்பட்ட ஆசையும் உடம்பில்தான் போய்த் தங்குகிறது.

இதை ஆண்களுக்கு எதிரான வழக்காக எடுக்கவேண்டாம். 2017 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டுவேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் ஆண்களைவிட மிகக் கூடுதலான நேரம் செலவிடுவதைப் பதிவுசெய்தது. எண்ணப்படாத ஒன்று முதன்முறையாக நாடளாவிய அளவில் எண்ணப்பட்டது. அதுவே பெரிய காரியம். எண்ணியதும் சட்டமும் ஊரும் அசையும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. அரச ஊழியருக்கு 84 வேலை நாட்கள் முழுச்சம்பளப் பிரசவ லீவும், அதற்குமேல் 84 நாட்கள் அரைச்சம்பளத்திலும், இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றியும் இருக்கின்றன. தனியார் துறையில் மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதியாக இருந்த லீவு 2018 இல் 84 நாளாயிற்று. இன்னொன்று எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. பிள்ளைகள் ஓய்வின்றி வகுப்புக்கு ஓடுகிறார்கள், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போக நேரமில்லை என்ற கவலையில், கீழ்வகுப்பு மாணவருக்கு வெள்ளி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தனியார் வகுப்புகள் நடத்தக்கூடாது என்று சில ஆண்டுகளுக்கு முன் தீர்மானிக்கப்பட்டது. எவ்வளவு முழுமையாக நடக்கிறது என்பது வேறு விடயம். ஓய்வும் வழிபாடும் ஆளாளுக்கு விட்டால் கிடைக்கமாட்டா, நேரத்தைப் பொதுவில் ஒதுக்கிக் காவல்போட வேண்டும் என்பதை ஊர் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்கு ஏற்றுக்கொண்டதைத் தாய்மாருக்கும் ஏற்றுக்கொள்வதில் என்ன தடை? வெள்ளி மாலைச் சமையல் வீட்டிலுள்ள மற்றவர்களின் பொறுப்பு என்று ஒரு வீடு முடிவெடுத்தால் அவளுக்குக் கோயில் கிடைக்கும். சனிக்கிழமை காலை ஒரு மணிநேரம் அவளுடைய நடைக்கு என்று வைத்தால் உடம்பு கிடைக்கும். சிறிய ஒதுக்கீடுகள்தான். பரீட்சை வந்தாலும் கடன் கேட்கக்கூடாதவை.

இவையெல்லாம் சம்பளம் வாங்குபவர்களின் கவலை, வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவளுக்கும் கடற்கரையில் கருவாடு காயவைக்கிறவளுக்கும் இது என்ன உதவி என்று ஒருவர் கேட்டால், அவர் சொல்வதில் பாதி சரி. ஆசிரியைக்கு லீவாவது உண்டு; கூலிப் பெண்ணுக்கு ஒரு காலை கிளினிக் என்றால் ஒரு நாட்கூலி இல்லை. போருக்குப் பின் வடக்கில் தனியே குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள் பல்லாயிரம். அதனால்தான் நான் மனதைப் பற்றிப் பேசாமல் நேரத்தைப் பற்றிப் பேசுகிறேன். மன அமைதிக்கு வழி சொல்லும் புத்தகம் அவர்களுக்கு எட்டாது. கிளினிக்கின் நேரத்தை மாற்றினால் எட்டும். சுகவனிதையர் கிளினிக் என்ற சேவை 1996 இலிருந்து நாட்டில் இருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும், அத்தோடு மார்பகம், இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் வேலைநாள் காலையில் நடப்பதால், வேலைக்குப் போகும் பெண் வர முடியாத நேரத்தில் அவளுக்கான கதவு திறந்திருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையோ ஒரு பிற்பகலோ இதை நடத்தும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளை ஆசிரியர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் எழுத்தில் கேட்கவேண்டும். அதிபர்கள் தங்கள் ஆசிரியைகள் எல்லாருக்கும் ஆண்டில் ஒரு காலையை இதற்கென்று நேரசூசியிலேயே எழுதலாம்.

துர்க்கை அம்மனைத் தரிசிக்க வடமராட்சியிலிருந்து தெல்லிப்பழைக்குப் போகிற பெண்கள் ஏராளம். அதே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கிறது. அதற்கு நிதி சேர்க்க 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து வந்தார்கள். கருப்பைக் கழுத்தில் வரும் மாற்றம் புற்றாக முதிர்வதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் கண்டால் தடுக்கலாம். இந்த ஆண்டு உங்களுக்கு 35 அல்லது 45 வயது என்றால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைக் கொடுத்துத் திகதி வாங்கிக் கொள்ளுங்கள். அந்தத் திகதியை வீட்டு நாட்காட்டியில், கந்தசஷ்டி குறித்த அதே பேனாவால் எழுதுங்கள். பரிசோதனை இலவசம்.